மூட்டைக்குள் ஓர் எலி

அன்புள்ள கயல்விழிக்கு,

அப்பா எழுதுகிறேன். நீ அனுப்பிய படத்தைப் பார்த்து அம்மா, பிள்ளை இளைத்துவிட்டாள் என்றாள். என் கண் போனது உனக்குப் பின்னால் இருந்த பெயர்ப்பலகைக்கு: லண்டன் ஹேமர்ஸ்மித், ஃபர்னிவால் பூங்கா. தினமும் அந்த வழியாக நடக்கிறாய், யார் அவர் என்று ஒரு நாளாவது விசாரித்தாயா? அச்சகத்தில் ஆயுளெல்லாம் புரூஃப் பார்த்த எனக்கு அவர் தூரத்து உறவு மாதிரி.

ஃபிரெடெரிக் ஜேம்ஸ் ஃபர்னிவால், 1825இல் பிறந்த மருத்துவர் மகன். சட்டம் படித்தார், அதில் மனம் ஒட்டவில்லை. 1861இல், பின்னாளில் ஆக்ஸ்ஃபோர்டு அகராதி என்று பெயர் பெற்ற பெரிய ஆங்கில அகராதியின் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது. முதல் ஆசிரியர் ஹெர்பர்ட் கோல்ரிட்ஜ் முப்பது வயதிலேயே இறந்துவிட்டார். எந்தச் சொல் எந்த நூலில் எப்படி வந்திருக்கிறது என்று தன்னார்வலர்கள் துண்டுச் சீட்டுகளில் எழுதி அனுப்ப வேண்டும். பழைய நூல்கள் பல கையெழுத்துப் பிரதியாகவே கிடந்தன. அச்சேறாததை ஊரெங்கும் இருப்பவர்கள் எப்படிப் படிப்பார்கள்? அதற்காக 1864இல் பழைய ஆங்கில நூல்களை அச்சிட ஒரு சங்கம் தொடங்கினார். அப்புறம் கை நிற்கவில்லை. பழங்கவிஞர் சாசருக்கு ஒரு சங்கம், கதைப்பாடல்களுக்கு ஒன்று, ஷேக்ஸ்பியருக்கு ஒன்று, கவிஞர்கள் பிரௌனிங்குக்கும் ஷெல்லிக்கும் ஆளுக்கொன்று!

சாசரின் கான்டர்பரி கதைகளை அவர் அச்சிட்ட விதம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. எந்தப் பாடம் சரி என்று தீர்ப்புச் சொல்லவில்லை. ஆறு பிரதிகளை அருகருகே நிறுத்தி, பாடபேதத்தை நீயே பார்த்துக்கொள் என்று விட்டுவிட்டார். அந்தப் பக்கங்களுக்குப் புரூஃப் பார்த்தவனின் கண்களை நினைத்தால் எனக்கு இப்போதும் நீர் வடிகிறது.

தாமஸ் பெர்சி என்ற பாதிரியார் முந்தைய நூற்றாண்டில் நண்பர் வீட்டில் மீட்ட பழைய கதைப்பாடல் ஏடு ஒன்று உண்டு. வேலைக்காரப் பெண்கள் அதன் தாள்களைக் கிழித்து அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார்களாம். பெர்சியின் வாரிசுகள் அதைப் பூட்டி வைத்திருந்தார்கள். ஃபர்னிவால் விடாமல் நச்சரித்து, 150 பவுண்டு கொடுத்து, படியெடுத்து அச்சிட்டார்.

நல்ல மனிதர் என்று முழுதாகச் சொல்ல மாட்டேன். சண்டைக்காரர். கவிஞர் ஸ்வின்பர்னோடு மோதியபோது அவர் பெயரைப் ‘பன்றியோடை’ என்று திரித்து எழுதினார் (ஆங்கிலத்தில் ஸ்வைன் என்றால் பன்றி, பர்ன் என்றால் ஓடை). அவரும் சும்மா விடவில்லை, திருப்பிக் கொடுத்த பெயர் மகளுக்கு எழுதும் கடிதத்தில் வராது. ஐம்பது வயதைத் தாண்டி மனைவியைப் பிரிந்த கதையை அம்மாவிடம் சொன்னேன், அன்றோடு அவருக்கு எங்கள் வீட்டில் மதிப்புப் போய்விட்டது.

அகராதியை அவர் முடிக்கவில்லை. 1879இல் அடுத்த ஆசிரியர் ஜேம்ஸ் மர்ரேயிடம் கைமாறியபோது, சீட்டுகள் ஏறக்குறைய இரண்டு டன் வந்து இறங்கின. ஒரு மூட்டையில் செத்த எலி, இன்னொன்றில் குஞ்சுகளோடு உயிருள்ள சுண்டெலி. ‘எச்’ எழுத்துக்கான சீட்டுகள் இத்தாலியில் ஃபிளாரன்ஸ் நகரில் கிடந்தன. மர்ரே தலையில் கை வைத்திருப்பார்.

மூன்று வருட வேலையைப் பாதியில் இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு வந்தேன் என்று போனில் நீ குரல் கம்மிச் சொன்னாயே, அன்றிரவு எனக்கு அந்த மூட்டைகள்தான் ஞாபகம் வந்தன. நீ எலி எதுவும் வைத்துக் கொடுத்திருக்க மாட்டாய் என்று நினைக்கிறேன்.

கொடுத்த பிறகும் ஃபர்னிவால் ஒதுங்கவில்லை. பத்திரிகை படித்தாலும் சொல் பொறுக்கி மர்ரேக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார். 1910இல் அவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்ததும் மர்ரே கடிதம் எழுதினார்: ‘டேக்’ (take) என்ற சொல்லின் பிரம்மாண்டமான பதிவு தயாராகிறது, காலம் கடப்பதற்குள் அதன் இறுதி வடிவத்தைப் பார்க்க விருப்பமா என்று. அந்த ஜூலையில் ஃபர்னிவால் இறந்தார். அகராதி முடிந்தது 1928இல்.

ஞாயிற்றுக்கிழமை ஓய்வாக இருந்தால் ஆற்றங்கரைப் பக்கம் போ. 1896இல் பெண்கள் துடுப்புப் போடுவதற்கென்று அவர் தொடங்கிய படகுச் சங்கம் இன்னும் அங்கே இருக்கிறது. எத்தனை பெண்கள் படகில் இறங்குகிறார்கள் என்று எண்ணி எழுது. சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே.

அப்பா