பேட்டரியை முதலில் கழற்று

கோபி

அன்புள்ள கண்ணுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. மக்காச்சோளத்தில் படைப்புழு விழுந்துவிட்டது என்று தோட்டத்து மாமா கடைக்கு வந்திருந்தார். வந்தவர், "உன் மகனுடைய மருந்தடிக்கும் ட்ரோனுக்கு வாலும் இல்லை, சுக்கானும் இல்லை, எப்படித் திரும்புகிறது?" என்று கேட்டுவிட்டார். பம்பு மோட்டாரின் ஸ்டேட்டருக்குள் செப்புக்கம்பிக் காயில் இறக்கிக்கொண்டிருந்தேன், அதை அப்படியே வைத்துவிட்டுச் சொன்னேன்.

எதிரெதிர் மூலையில் இருக்கும் இரண்டு விசிறிகள் ஒரு பக்கமாகவும் மற்ற இரண்டும் மறுபக்கமாகவும் சுற்றும். நான்கும் ஒரே பக்கம் சுற்றினால் உடம்பே எதிர்ப்பக்கம் சுழன்றுவிடும். காற்றைக் கீழே தள்ளுவதால் கிடைக்கும் தூக்குவிசை எடைக்குச் சமமானால் அந்தரத்தில் நிற்கும். பின்னிரண்டின் வேகத்தைக் கூட்டி முன்னிரண்டைக் குறைத்தால் மூக்கு சாய்ந்து முன்னால் போகும். சாய்ந்ததும் விசையில் ஒரு பங்கு முன்னோக்கிப் போய்விடும். உயரம் இறங்காமலிருக்க நான்கையும் இன்னும் கொஞ்சம் விரட்ட வேண்டும். நின்ற இடத்திலேயே திரும்ப, ஒரு மூலை ஜோடியைக் கூட்டி மற்றதைக் குறைத்தால், வேகமான ஜோடி சுற்றுவதற்கு எதிர்ப்பக்கம் உடம்பு திரும்பும். எல்லாமே மோட்டார் வேகம்தான்.

"மோட்டார்க்காரன் மகன் மோட்டாரில்தான் பறக்கிறான்" என்றார் மாமா. அதைச் சொல்லத்தான் அன்று ராத்திரி கூப்பிட்டேன். நீ எடுக்கவில்லை. வேலை இருக்கும்.

உன் மோட்டாரிலும் மூன்று வயர்தானே. பம்புசெட் தலைகீழாகச் சுற்றினால் இரண்டு பேஸ் வயரை மாற்றிப் போடுவோமே, அதே கதைதான். ஆனால் விசிறியை அப்படி மாற்ற முடியாது. வலச்சுற்றுக்கு ஒன்று, இடச்சுற்றுக்கு ஒன்று என்று வளைத்திருக்கிறார்கள். மாற்றி மாட்டினால் கிளம்பும்போதே கவிழும். பேட்டரியைக் கழற்றிவிட்டுத்தான் மாட்ட வேண்டும். மோட்டாரை மட்டும் ஓட்டிப் பார்ப்பதென்றால் விசிறியே வேண்டாம். நம் கடையில் மெயின் சுவிட்சை அணைக்காமல் எவனும் டெர்மினல் பெட்டியைத் திறந்ததில்லை. நீ அங்கே வளர்ந்தவன், உனக்கு நான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

தங்கைக்கு நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். தஞ்சாவூர்ப் பக்கம் நெல் நன்றாக வந்திருக்கிறது. ரிமோட் இடது கையில் இருந்தது. வலது கையில் துண்டு சுற்றியிருந்தாய். வெயிலுக்கு இருக்கும். டிராக்டர் விஷயத்தையும் நீ வைகாசி வரை சொல்லவில்லை, கடைசியில் பங்காளி வீட்டில் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

நான்கில் ஒரு மோட்டார் நின்றால் பெரும்பாலும் விழத்தான் செய்யும். ஆறு விசிறி என்றால் இறக்கிவிட வாய்ப்பு உண்டு. அதற்குப் பணம் வேண்டுமானால் கேள், அம்மாவுக்குத் தெரிய வேண்டியதில்லை. வரப்பில் ஆள் நிற்கும்போது கிளப்பாதே. காற்று பலமாக இருந்தால் அன்றைக்குக் கூலி போனால் போகட்டும். விசிறி முழுக்க நின்ற பிறகு, பேட்டரியைக் கழற்றிய பிறகுதான் கை வைக்க வேண்டும்.

அந்தப் படத்தை அம்மாவிடம் காட்டவில்லை. கடை சாத்த ராத்திரி ஒன்பது ஆகும், நான் மட்டும்தான் இருப்பேன். கூப்பிடு.

அப்பா