பொட்டலத்தின் பின்பக்கமும் தமிழில் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இயற்கை வேளாண் பொருள்களை விற்கும் அங்காடிகள் இப்போது சிற்றூர்களிலும் திறக்கப்பட்டுவிட்டன. பிள்ளைகளுக்கு நஞ்சில்லாத உணவு கொடுக்க வேண்டும் என்ற தவிப்பில், வேறு செலவைக் குறைத்துக்கொண்டாவது கூடுதல் விலை கொடுத்து அங்கே அரிசியும் பருப்பும் எண்ணெயும் வாங்கும் நடுத்தரக் குடும்பங்கள் பல. கொடுக்கும் விலைக்கு உரிய பொருள்தானா என்று கடையில் நின்றபடியே சரிபார்க்க அவர்களுக்கு இருக்கும் வழி, பொட்டலத்தின் மேல் அச்சிட்டிருக்கும் விவரம் ஒன்றுதான். அந்த விவரம் தமிழில் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் சட்டத்தில் இல்லை. இக்குறையைத் தங்கள் நாளிதழ் வழியாக அரசின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

'ஆர்கானிக்', அதாவது அங்ககப் பொருள், என்று சொல்லி ஒரு பொருளை விற்பதற்கு, இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2017-ஆம் ஆண்டு கொண்டுவந்த ஒழுங்குமுறைகள் தெளிவான நிபந்தனைகளை விதிக்கின்றன. இரண்டு வகைச் சான்றுகளை அவை ஏற்கின்றன. ஒன்று, மத்திய வணிக அமைச்சகத்தின் கீழுள்ள, அபீடா எனப்படும் வேளாண் பொருள் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையம் நடத்தும் தேசிய அங்கக உற்பத்தித் திட்டத்தின் சான்று. அங்கீகாரம் பெற்ற ஓர் அமைப்பு வயலுக்கே சென்று ஆய்வு செய்து இதை வழங்குகிறது. ரசாயன உரத்தையும் பூச்சிக்கொல்லியையும் நிறுத்திய நிலம், பொதுவாக ஆண்டுப் பயிர்களுக்கு இரண்டு ஆண்டுகளும் பல்லாண்டுப் பயிர்களுக்கு மூன்று ஆண்டுகளும் மாறுதல் காலத்தைக் கடந்த பிறகே முழுச் சான்று கிடைக்கும். தமிழ்நாட்டில் இப்பணியைச் செய்ய, கோயம்புத்தூரைத் தலைமையிடமாகக் கொண்ட அரசுத் துறையே இருக்கிறது என்பது நமக்குப் பெருமை. மற்றொன்று பி.ஜி.எஸ். எனப்படும் பங்கேற்பு உத்தரவாத முறை. இதில் ஒரு பகுதி விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் நிலத்தை மற்றவர் ஆய்வு செய்கிறார்கள். 'பி.ஜி.எஸ். கிரீன்' என்று போட்டிருந்தால் அந்த நிலம் இன்னும் மாறுதல் காலத்தில் இருக்கிறது என்று பொருள், 'பி.ஜி.எஸ். ஆர்கானிக்' என்பதே முழுமையான சான்று. இந்த வேறுபாடு தெரியாமல் இரண்டுக்கும் ஒரே விலை கொடுப்பவர்கள் நம்மில் எத்தனையோ பேர். உள்நாட்டில் விற்கும் அங்ககப் பொருளை அடையாளம் காட்டவே 'ஜைவிக் பாரத்' முத்திரை உருவாக்கப்பட்டது. 'இயற்கை', 'பாரம்பரியம்', 'நாட்டு' ஆகிய சொற்களுக்குப் பின்னால் இப்படிப்பட்ட முத்திரை எதுவும் கிடையாது.

சிறு விவசாயிகளுக்குச் சட்டம் ஒரு விலக்கு அளித்திருப்பதையும் சொல்ல வேண்டும். ஆண்டு விற்றுமுதல் 12 லட்சம் ரூபாயைத் தாண்டாத சிறு உற்பத்தியாளர், தன் விளைச்சலை உண்பவருக்கே நேரடியாக விற்றால் சான்று தேவையில்லை. இது நியாயமான விலக்கு. சான்றுக்கான செலவும் ஏடுகளும் சிறு விவசாயிக்குப் பெரும் சுமை என்பதால் இதை மனமார ஆதரிக்கிறேன். ஆனால் பல இடங்களில் கொள்முதல் செய்து விற்கும் கடைக்காரருக்கு இது பொருந்தாது. நான் பார்த்த கடைகள் சிலவற்றில், முத்திரையுள்ள பொட்டலங்களுக்குப் பக்கத்திலேயே எந்த விவரமும் எழுதாத அரிசி மூட்டைகள் திறந்து வைக்கப்பட்டிருக்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலே ஒரே பெயர்ப்பலகை. அங்ககப் பொருளை மற்றவற்றிலிருந்து வேறுபடுத்தித் தெரியும்படி வைக்க வேண்டும் என்று அதே ஒழுங்குமுறைகள் சொல்வதை யாரும் கண்டுகொள்வதாகத் தெரியவில்லை.

விளைவித்த முறையைத்தான் அங்ககச் சான்று உறுதி செய்கிறது. அந்த முத்திரை பெற்ற பிஸ்கட்டிலும் சர்க்கரையும் கொழுப்பும் இருக்கும். எவ்வளவு என்பதைப் பின்பக்கத்து ஊட்டச்சத்துப் பட்டியலில் பார்த்தால்தான் தெரியும். சிறுதானியப் பண்டங்களில் இந்தப் பின்பக்கத்தின் அருமை இன்னும் நன்றாகப் புரியும். உட்பொருள்களை எடை அதிகமானதிலிருந்து குறைவானது என்ற வரிசையில்தான் அச்சிட வேண்டும் என்பது விதி. முகப்பில் கேழ்வரகுக் கதிரைப் பெரிதாக வரைந்துவிட்டுப் பின்னால் முதல் பெயராக மைதாவோ கோதுமை மாவோ இருந்தால், நாம் வாங்குவது பெரும்பாலும் அந்த மாவைத்தான். சொல்லாலோ படத்தாலோ ஓர் உட்பொருளை முன்னிறுத்தினால் அதன் சதவீதத்தைக் குறிப்பிட்டாக வேண்டும் என்றும் விதி உண்டு. அந்தச் சதவீதத்தை ஒருமுறை தேடிப் படித்தவர் முகப்பை மட்டும் நம்பி மறுமுறை வாங்கமாட்டார்.

இவ்வளவு பயனுள்ள விவரங்களும் எந்த மொழியில் இருக்கின்றன? 2020-ஆம் ஆண்டின் லேபிள் ஒழுங்குமுறைகள், கட்டாய விவரங்கள் ஆங்கிலத்தில் அல்லது தேவநாகரி எழுத்தில் அமைந்த இந்தியில் இருக்க வேண்டும் என்கின்றன; பிற மொழிகளையும் கூடுதலாகச் சேர்க்கலாம், அவ்வளவுதான். இதனால் தமிழ்நாட்டிலேயே தயாராகித் தமிழர்களுக்கே விற்கப்படும் பண்டத்தில் கூட, பெயரும் விளம்பரமும் அழகுத் தமிழில் பெரிதாக இருக்க, உட்பொருள்களும் ஒவ்வாமை எச்சரிக்கையும் பொடி எழுத்து ஆங்கிலத்தில் ஒடுங்கிக் கிடக்கின்றன. நாள்தோறும் செய்தித்தாளைத் தலைப்பு முதல் கடைசிப் பத்தி வரை படிக்கும் ஒரு பாட்டியால், நிலக்கடலை ஒத்துக்கொள்ளாத பேரனுக்குத் தான் வாங்கும் மிட்டாயில் அது இருக்கிறதா என்று படித்தறிய முடியவில்லை. வாங்குபவரை ஆசைகாட்டி அழைக்கத் தமிழ் வேண்டும், எச்சரிக்கத் தமிழ் வேண்டாம் என்பதை எப்படி ஏற்பது?

ஆகவே, கட்டாய விவரங்களை விற்பனையாகும் மாநிலத்தின் மொழியிலும் அச்சிட வேண்டும் என்று ஒழுங்குமுறைகளைத் திருத்தும்படி தமிழ்நாடு அரசு மத்திய அரசை வலியுறுத்த வேண்டும். அதுவரை காத்திராமல், கூட்டுறவு அங்காடிகளிலும் மகளிர் சுய உதவிக் குழுக்களின் விற்பனை நிலையங்களிலும் விற்கும் தயாரிப்புகளில் முழு விவரத்தையும் தமிழில் அச்சிட வகை செய்யலாம். இயற்கை அங்காடிகளில் உதிரியாக விற்கும் ஒவ்வொரு மூட்டையின் மேலும், எந்தச் சான்று, எந்த விவசாயி அல்லது எந்தக் குழு என்று தமிழில் எழுதி வைக்கச் செய்வது உணவுப் பாதுகாப்பு அலுவலர்களால் முடிகிற காரியமே. தங்கள் நாளிதழும் வாரம் ஒரு பொட்டலத்தின் பின்பக்கத்தைத் தமிழில் விளக்கிச் சொல்ல ஒரு சிறு பத்தி ஒதுக்கினால் வாசகர்களுக்குப் பேருதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஈரோடு.