விளம்பரம் போடுமுன் விசா என்னவென்று கேளுங்கள்

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு பதிப்பின் சிறு விளம்பரப் பகுதியில் சில வாரங்களாக ஒரு விளம்பரம் வந்துகொண்டிருக்கிறது. தென் கொரியாவில் பெரியவர்களுக்கு ஆங்கிலம் போதிக்க ஆட்கள் தேவை, எஸ்பிஎம் (மலேசியாவின் ஐந்தாம் படிவத் தேர்வு) போதும், அனுபவம் வேண்டாம், தங்குமிடம் இலவசம். கீழே ஒரு வாட்ஸ்ஆப் எண், அவ்வளவுதான். நிறுவனத்தின் பெயர் இல்லை, முகவரி இல்லை. அதை வெட்டி எடுத்துக்கொண்டு இங்கே சுங்கை சிப்புட்டில் என்னிடம் டியூஷன் படித்த பிள்ளைகள் வந்து, "டீச்சர், போகலாமா? முன்பணம் மட்டும் கட்டச் சொல்றாங்க" என்று கேட்டார்கள். அவர்களிடம் சொன்னதை உங்கள் வாசகர்களிடமும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்த விளம்பரத்தைத் தஞ்சோங் மாலிமிலும் கூலிமிலும் இருக்கிற பிள்ளைகளும் பார்த்திருப்பார்கள்.

கொரியாவில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க இ-2 என்ற விசா வேண்டும். அது பொதுவாக 7 நாட்டுக் குடிமக்களுக்குத்தான்: அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா. மலேசியா அந்தப் பட்டியலில் இல்லை. பட்டியலில் உள்ள நாட்டுக்காரருக்கும் பட்டப்படிப்பு வேண்டும், குற்றப்பதிவு இல்லை என்ற சான்றிதழ் வேண்டும். அப்படி இருக்க எஸ்பிஎம் முடித்த பிள்ளையை எந்த விசாவில் அனுப்பப் போகிறார்கள்? எந்த விசாவிலும் இல்லை. மலேசிய பாஸ்போர்ட்டுக்குக் கொரியாவில் 90 நாள் விசா இல்லாமலே இறங்கலாம், வியட்நாமில் 30 நாள். இந்த வசதியை வைத்துத்தான் 'முதலில் போங்க, அங்கே போய் மாத்திக்கலாம்' என்கிறார்கள். சுற்றுலாப் பயணியாக இறங்கி வகுப்பெடுத்தால் அது சட்டவிரோத வேலை, பிடிபட்டால் திருப்பி அனுப்பப்படுவது பிள்ளைதான், ஏஜெண்ட் இல்லை. 2022-இல் நல்ல சம்பளத்தில் வேலை என்று நம்பிப் போன மலேசிய இளைஞர்கள் கம்போடியாவிலும் மியன்மாரிலும் மோசடிக் கும்பல்களிடம் சிக்கிய செய்திகளை உங்கள் பத்திரிகையிலேயே படித்தோம். செய்திப் பக்கத்தில் அது, விளம்பரப் பக்கத்தில் இது. கொஞ்சம் யோசியுங்கள் ஐயா.

இதனால் நம் பிள்ளைகள் இந்த வேலைக்கே போகக்கூடாது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நானே கோலாலம்பூரில் ஒரு மொழி மையத்தில் ஏமன், லிபியா மாணவர்களுக்கு வகுப்பெடுத்துவிட்டு, அப்புறம் ஹோசிமின் நகரில் சில ஆண்டுகள் பெரியவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவள்தான். வியட்நாமில் நம் பாஸ்போர்ட் ஒரு தடை இல்லை. பட்டம், ஆங்கிலம் கற்பிக்கும் சான்றிதழ், மருத்துவப் பரிசோதனை, நன்னடத்தைச் சான்றிதழ் எல்லாம் கேட்பார்கள், ஆங்கிலம் தாய்மொழி இல்லை என்றால் மொழித்திறனுக்கும் ஒரு சான்று காட்ட வேண்டியிருக்கும். நன்னடத்தைச் சான்றிதழைப் புத்ராஜெயாவில் உள்ள நம் வெளியுறவு அமைச்சான விஸ்மா புத்ராவிடம் ஆன்லைனிலேயே விண்ணப்பித்து வாங்கலாம். பட்டத்தை விஸ்மா புத்ராவில் சான்றொப்பம் வாங்கி, பிறகு அந்த நாட்டுத் தூதரகத்திலும் உறுதிப்படுத்த வேண்டும். இந்த அலைச்சலை இங்கே இருக்கும்போதே முடித்துவிட வேண்டும், அங்கே போய் உட்கார்ந்துகொண்டு அம்மாவைப் புத்ராஜெயாவுக்கு அனுப்பினால் அம்மா பாவம்.

சான்றிதழ் விஷயத்தில்தான் நிறைய காசு வீணாகிறது. '120 மணி நேர ஆன்லைன் படிப்பு' என்று மலிவு விலையில் விற்கிறார்கள், படுக்கையில் படுத்துக்கொண்டே கேள்விகளுக்கு டிக் போட்டு முடித்துவிடலாம். கேம்பிரிட்ஜின் செல்டா என்ற ஆங்கில ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழிலும் ஏறக்குறைய அதே 120 மணி நேரம்தான், ஆனால் அதில் 6 மணி நேரம் உண்மையான மாணவர்கள் முன்னால் நின்று பாடம் நடத்த வேண்டும், பின்னால் ஒருவர் உட்கார்ந்து குறிப்பெடுப்பார், வகுப்பு முடிந்ததும் நீங்கள் எத்தனை நிமிடம் பேசினீர்கள், மாணவர் எத்தனை நிமிடம் பேசினார் என்று முகத்துக்கு நேராகச் சொல்வார். லண்டன் டிரினிட்டி கல்லூரியின் சான்றிதழிலும் இதே போல 6 மணி நேரப் பயிற்சி உண்டு. விலை கூடத்தான், முழு நேரமாகச் செய்தால் ஒரு மாதத்துக்கு வேறு வேலையே பார்க்க முடியாது. இருந்தாலும் நல்ல மையங்கள் விண்ணப்பத்தை எடுத்ததும் முதலில் பார்ப்பது அந்த 6 மணி நேரத்தைத்தான்.

பெரியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது வேறு வேலை என்பது நம் டியூஷன் ஆசிரியர்களுக்குச் சட்டென்று புரிவதில்லை. நம் பழக்கம் பழைய எஸ்பிஎம் தாளை எடுத்து வைத்து ஒவ்வொரு கேள்வியாகப் போவது. ஹோசிமினில் என் வகுப்பில் இருந்தவர்கள் வங்கி ஊழியர்கள், தாதிகள், ஹோட்டல் வரவேற்பாளர்கள். பகல் முழுக்க வேலை செய்துவிட்டு, மோட்டார் சைக்கிளில் மழையில் நனைந்துகொண்டு இரவு வகுப்புக்கு வருவார்கள். இலக்கண விதிகளை என்னைவிடத் தெளிவாகச் சொல்லக்கூடியவர்கள் அவர்களில் இருந்தார்கள், ஆனால் வாடிக்கையாளர் ஒருவர் போனில் கோபமாகப் பேசினால் வாய் திறக்க வராது. கணக்காளராக வேலை செய்த ஒரு அக்காவுக்கு, தன் மேலதிகாரியிடம் 'இந்தத் தேதிக்குள் முடியாது' என்று மரியாதை கெடாமல் சொல்லத் தெரிய வேண்டும், அது ஒன்றுக்காகவே வந்தார். அவர் சொந்தக் காசு கட்டி வருகிறவர், பாடம் பயன்படவில்லை என்றால் மறுமாதம் வரமாட்டார். அவரை உட்கார வைத்து 'நான் ஒரு குடை' என்று கட்டுரை எழுதச் சொல்ல முடியுமா?

நேரமும் அப்படித்தான். மாணவர்கள் வேலைக்குப் போகிறவர்கள் என்பதால் வகுப்பெல்லாம் விடியற்காலையிலும் இரவிலும் சனி ஞாயிறிலும் விழும், நடுப்பகல் சும்மா கிடக்கும். சம்பளம் பல இடங்களில் வகுப்பு மணிக் கணக்கில்தான், பாடம் தயாரிக்கும் நேரத்துக்கு ஒன்றும் கிடையாது. அதனால் 'மணிக்கு இவ்வளவு' என்று கேட்டதும் மனக்கணக்கில் மலேசிய வெள்ளியாக மாற்றி மகிழ்ந்துவிடாமல், வாரத்துக்குக் குறைந்தது எத்தனை மணி நேரம் தருவதாக ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். வெளிநாட்டு முதலாளி நமக்குக் கேடபிள்யூஎஸ்பி என்ற ஊழியர் சேமநிதி கட்டமாட்டார் என்பதையும் மறக்க வேண்டாம், விருப்பப்பட்டால் நாமே போட்டுக்கொள்ளலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது எனக்கு இன்றும் எரிச்சல் தருகிற விஷயம். சில நாடுகளின் படிவத்தில் 'எத்தனை ஆண்டு ஆங்கிலவழிக் கல்வி கற்றாய்' என்று கேட்பார்கள். நம் பிள்ளை 6 ஆண்டு தமிழ்ப்பள்ளி, 5 ஆண்டு மலாய்வழி இடைநிலைப்பள்ளி. 1970-க்குப் பிறகு இங்கே ஆங்கிலவழிப் பள்ளிகள் படிப்படியாக மலாய்வழிக்கு மாறின, அதற்கு இந்தப் பிள்ளை என்ன செய்யும்? மூன்று மொழி தெரிந்தவர் படிவத்தின் முன்னால் குறைந்தவராகிவிடுகிறார். ஆங்கிலம் தாய்மொழி இல்லை என்பதற்காக மட்டும் ஆசிரியரை ஒதுக்கக்கூடாது என்று டீசோல் என்ற சர்வதேச ஆங்கில ஆசிரியர் சங்கம் 2006-லேயே அறிக்கை விட்டிருக்கிறது, விளம்பரங்கள் இன்னும் அப்படியேதான் இருக்கின்றன. வகுப்பறையில் நிலைமை வேறு. ஒரு மொழியை வெளியிலிருந்து கற்றவருக்கு மாணவன் எங்கே தடுக்கி விழுவான் என்று தெரியும். படிவத்துக்கு ஐஇஎல்டிஎஸ் மாதிரி ஒரு ஆங்கிலத் திறன் தேர்வின் முடிவை வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அது 2 ஆண்டுதான் செல்லும் என்பதால் விண்ணப்பிக்கிற சமயத்தில் எழுதுங்கள்.

அனுபவம் எங்கே கிடைக்கும் என்று கேட்கிறார்கள். ஈப்போவுக்கோ கோலாலம்பூருக்கோ போய் மொழி மையத்தில் பகுதி நேரமாகத் தொடங்கலாம். அகதிகளுக்கு வகுப்பு நடத்தும் சமூக மையங்களில் பெரியவர்களுக்கான ஆங்கில வகுப்புக்கு ஆள் தேவைப்படுகிறது, பெரும்பாலும் சம்பளமில்லாத வேலைதான், ஆனால் முன்னால் உட்கார்ந்திருப்பவர் பெரியவர். ஆன்லைனில் சீனப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கலாம் என்று இன்னும் சிலர் நினைக்கிறார்கள், 2021 ஜூலையில் சீன அரசு கொண்டுவந்த கட்டுப்பாடுகளோடு அந்தத் தொழில் படுத்துவிட்டது. பெரியவர்களுக்கான வகுப்பு அந்தத் தடையில் வரவில்லை.

ஐயா, உங்களிடம் கேட்பது இதுதான். வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் விளம்பரத்தை வாங்கும்போது முதலாளியின் பெயர், விசாவின் வகை, 1981-ஆம் ஆண்டு தனியார் வேலைவாய்ப்பு முகவர் சட்டப்படி மனிதவள அமைச்சின் தொழிலாளர் துறை கொடுத்த உரிம எண், இந்த மூன்றையும் கேளுங்கள், விளம்பரத்திலேயே அச்சிடச் சொல்லுங்கள். உரிமம் இல்லாமல் இந்தத் தொழில் செய்வது குற்றம். கொடுக்க மறுத்தால் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அந்தக் கொரியா விளம்பரம் வரும் ஞாயிறும் வருமா வராதா என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை,
சுங்கை சிப்புட், பேராக்.