ஞாயிறு ஆட்டம்: 15 அங்குலக் குழி

பெற்றோர்களுக்கு வணக்கம்.

வரும் ஞாயிறு காலை 6.30-க்கு பிள்ளைகளின் கோல்ஃப் ஆட்டம். இந்த முறை கிரீனில் (குழி இருக்கும் குட்டைப் புல்தரையில்) வழக்கமான 4.25 அங்குல அகலக் குழியோடு 15 அங்குல அகலக் குழியும் இருக்கும். போன மாதம் ஒரு குட்டிப் பெண் ஒரே கிரீனில் ஏழு முறை தட்டியும் பந்து விழாமல், கண் கலங்கி மட்டையைக் கீழே வைத்துவிட்டாள். அதனால்தான் இந்த ஏற்பாடு. 2014-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் செர்ஜியோ கார்சியா, ஜஸ்டின் ரோஸ் போன்ற தொழில்முறை கோல்ஃப் வீரர்களே இந்த அளவுக் குழியில் ஆடிப் பார்த்திருக்கிறார்கள்.

1. 6.10-க்கே வந்துவிடுங்கள்.
2. சிவப்புக் கொடி பெரிய குழிக்கு. புதிய பிள்ளைகள் அதில் ஆடட்டும்.
3. பெரிய குழி ஸ்கோர் ஹேண்டிகேப்புக்கு (ஆடுபவரின் திறனைக் காட்டும் எண்ணுக்கு) சேராது.
4. குழி விளிம்பை மிதிக்க வேண்டாம், மண் சரிந்துவிடும்.
5. பிள்ளையின் பெயர், வயது, எந்தக் குழி என்று வெள்ளி இரவு 8-க்குள் இங்கேயே பதில் போடுங்கள்.