ராக்கு கிண்ணங்கள் நகல்கள் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

ஜப்பானின் கியோத்தோ நகரைச் சேர்ந்த ராக்கு குடும்பம் பற்றிய ஞாயிறு இணைப்புக் கட்டுரையில், அவர்கள் பதினாறு தலைமுறைகளாக 'அச்சு மாறாமல்' தேநீர்க் கிண்ணம் வனைவதாக எழுதியிருந்தது பொருந்தவில்லை. 16ஆம் நூற்றாண்டில் தேநீர்க் குரு சென் நோ ரிக்யூவுக்காக, குடும்பத்தின் முதல் தலைமுறையான சோஜிரோ சக்கரமின்றிக் கையாலேயே வனைந்த முறை இன்றும் தொடர்கிறது. கிண்ணம்தான் மாறிக்கொண்டே வருகிறது. பூச்சுக் கலவையின் அளவைக்கூட தந்தை மகனுக்குச் சொல்லித் தருவதில்லை என்பது அவ்வீட்டு வழக்கம். இரத்த வாரிசும் கட்டாயமில்லை: ஐந்தாம் தலைமுறையின் சோன்யூ தத்துப்பிள்ளை.

சில ஆண்டுகளுக்கு முன் கியோத்தோவில் அவர்களது அருங்காட்சியகத்துக்குச் சென்றேன். சோஜிரோவின் கறுப்புக் கிண்ணம் மினுக்கமே இல்லாமல், அடுப்படிச் சட்டிபோல் அடக்கமாக இருந்தது. 2019இல் பொறுப்பை மகனிடம் ஒப்படைத்த பதினைந்தாமவருடையதோ வெட்டிய பாறைபோல் முனைமுனையாக நின்றது. ஒரே வீட்டுப் பொருள்கள் என்று நம்பச் சற்று நேரமானது. கட்டுரையுடன் வந்த ஒற்றைப் படத்தில் இது தெரிய வழியில்லை. நான்கைந்து தலைமுறைக் கிண்ணங்களின் படங்களை அருகருகே வைத்து, இணைப்பில் ஒரு பக்கம் ஒதுக்கலாம்.

– வாசகர், கோயம்புத்தூர்