மறைப்பது வேறு, ஒளிபுகச் செய்வது வேறு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திடப்பொருள்களைக் கண்ணுக்குத் தெரியாமல் ஆக்கும் ஆய்வுகளைப் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்து மகிழ்ந்தேன். ஆயினும், அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் 2006-இல் நடந்த சோதனையையும், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024-இல் ஒரு சாயத்தால் எலியின் தோலை ஒளிபுகச் செய்ததையும் ஒரே முயற்சியின் இரு கட்டங்களாகக் கட்டுரை காட்டுவது சரியன்று. இயற்பியலாளர் ஜான் பென்ட்ரியின் கோட்பாட்டை ஒட்டி டியூக்கில் அமைத்த வளையங்கள், கண்ணுக்குப் புலப்படாத நுண்ணலைகளை ஒரு செப்பு உருளையைச் சுற்றி வளைத்து அனுப்பின. கண்ணால் பார்ப்பவருக்கு அந்த உருளை தெரிந்துகொண்டுதான் இருந்தது.

எலியின் தோலில் நடந்ததோ முற்றிலும் வேறானது. தோலின் ஊடே நம்மால் பார்க்க முடியாததற்கு முதன்மைக் காரணம் ஒளி அதில் சிதறிவிடுவதே. ஒளி ஒரு பொருளுக்குள் நுழையும்போது எவ்வளவு வளைகிறது என்பதைக் காட்டும் ஒளிவிலகல் எண் நீருக்கு ஏறத்தாழ 1.33, அதில் தோய்ந்திருக்கும் கொழுப்புக்கும் புரதத்துக்கும் அது 1.4-க்கு மேல். இந்த வேறுபாடு உள்ள எல்லைகளில் எல்லாம் ஒளி திசைமாறுகிறது. வேறுபாட்டைக் குறைத்தால் சிதறலும் குறையும். பஜ்ஜி மடித்த காகிதத்தில் எண்ணெய் ஊறிய இடம் மட்டும் ஒளி விடுவது இதனால்தான், ஏனெனில் இழைகளுக்கிடையே இருந்த காற்றின் இடத்தை எண்ணெய் பிடித்துக்கொள்கிறது. தின்பண்டங்களுக்கு மஞ்சள் நிறம் தரும் டார்ட்ரசின், நீல ஒளியை வலுவாக உறிஞ்சுகிறது. அவ்வாறு உறிஞ்சுவதன் விளைவாகவே, அது கரைந்த நீரின் ஒளிவிலகல் எண் சிவப்பு ஒளிக்கு உயர்ந்து, கொழுப்பின் எண்ணை நெருங்குகிறது. அடர்ந்த நிறமுள்ள ஒரு சாயம் ஒளிக்கு வழிவிடச் செய்கிறது என்னும் இந்த வியப்பான இடத்தைக் கட்டுரை தொடாமல் போனதுதான் எனக்குப் பெரிய குறை.

உயிருள்ள எலியின் வயிற்றுத் தோலில் இந்த டார்ட்ரசின் கரைசலைத் தடவியபோது குடலின் அசைவும், தலையில் தடவியபோது மூளையின் மேலுள்ள இரத்த நாளங்களும் புலப்பட்டன; கழுவியதும் தோல் பழைய நிலைக்குத் திரும்பியது. ஆனால், மனிதர்மீது அந்த ஆய்வில் சோதனை எதுவும் செய்யப்படவில்லை. நமது தோல் எலியின் தோலைவிடப் பலமடங்கு தடிமனானது. கடையில் எளிதில் கிடைக்கும் நிறப்பொடி என்பதால் ஆர்வமுள்ள சிறுவர்கள் கரைத்துத் தடவிப் பார்க்கக்கூடும். எனவே, மனிதர்மீது சோதனை நடக்கவில்லை, நமது தோல் தடிமனானது என்னும் இந்த இரண்டு செய்திகளையும் அடுத்த இதழில் தெளிவாக வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
இயற்பியல் ஆசிரியர் ஒருவர்,
கோவில்பட்டி.