வெளிறிய வட்டத்தின் ஆரம் எங்கே?

உயிரணு உயிரியல் ஆய்விதழ்களின் ஆசிரியர் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கு வணக்கம்.

உயிரணுவின் ஒரு சிறு வட்டத்திலுள்ள ஒளிர் புரதத்தை லேசரால் வெளிறச் செய்து (ஒளிர்வை இழக்கச் செய்து), சுற்றியுள்ள ஒளிரும் மூலக்கூறுகள் உள்ளே வருவதால் ஒளிர்வு மீளும் வேகத்தைக் கொண்டு விரவலை, அதாவது மூலக்கூறுகள் தாமாகப் பரவுவதை, அளக்கும் கட்டுரைகளில், வெளிறிய வட்டத்தின் அளந்தறிந்த ஆரத்தையும் வெப்பநிலையையும் மூலப் படங்களையும் நீங்கள் கட்டாயமாக்க வேண்டும்.

எங்கள் ஆய்வக மாணவி ஒருவர் தம் முடிவுகளை ஒப்பிட எடுத்துக்கொண்ட கட்டுரையில், பாதி ஒளிர்வு மீள 2 நொடி ஆனது என்பதைத் தவிர வேறெதுவும் இல்லை. ஆரம் 1 மைக்ரோமீட்டர் என்றால் விரவல் கெழு (பரவும் வேகத்தைக் குறிக்கும் எண்) நொடிக்குச் சுமார் 0.11 சதுர மைக்ரோமீட்டர். 2 மைக்ரோமீட்டர் என்றால் 0.45. நான்கு மடங்கு வேறுபடும் இவ்விரண்டில் எதை அவர் நம்புவது? கட்டுரையாளரிடம் கேட்டார், படங்கள் பாதுகாக்கப்படவில்லை என்று பதில் வந்தது. இதழுக்கு எழுதினார், செய்முறைப் பகுதிக்குச் சொல் வரம்பு உண்டு என்றார்கள். ஆய்வேட்டின் ஓர் அத்தியாயம் அதனால் இன்றுவரை முடியாமல் நிற்கிறது.

கருவியில் குறித்த ஆரத்தை மட்டும் தந்தாலும் போதாது. பச்சை ஒளிர் புரதம் நீரில் நொடிக்குச் சுமார் 87 சதுர மைக்ரோமீட்டர் வீதத்திலும், பாலூட்டிகளின் உயிரணுச் சாற்றில் (சைட்டோபிளாசத்தில்) சுமார் 25 வீதத்திலும் விரவுகிறது. அந்த வேகத்தில் 1 மைக்ரோமீட்டர் ஆரமுள்ள வட்டம் ஏறக்குறைய 9 மில்லிநொடியில் பாதி மீண்டுவிடும். கான்ஃபோகல் நுண்ணோக்கியின் லேசர் வெளிறச் செய்து முடிக்குமுன்பே வெளிறிய மூலக்கூறுகள் வெளியேறி, வட்டம் விரிந்துவிடுகிறது. அதைக் கணக்கில் கொள்ளாதவர் விரவலைக் குறைத்தே மதிப்பிடுகிறார். ஆகவே, வெளிறியபின் எடுத்த முதல் படத்திலிருந்து அளந்த ஆரமே தேவை.

ஆக்செல்ராட், வெப் முதலிய ஆய்வாளர்கள் 1976இல் இம்முறையை வகுத்தபோதே ஒளிக்கற்றையின் ஆரம் சமன்பாட்டில் இருந்தது. ஏறத்தாழ அரை நூற்றாண்டு கடந்தும் அதை விட்டுவிட்ட கட்டுரைகள் மதிப்பாய்வைத் தாண்டி வருகின்றன என்பது எனக்குப் பெரும் வருத்தம். சிறிய உட்கருவில் பெரிய வட்டத்தை வெளிறச் செய்துவிட்டு, மீளாத பங்கு முழுவதையும் அசையாப் புரதம் என்று எழுதுவோரும் இருக்கிறார்கள். ஒளிரும் மூலக்கூறுகளின் மொத்த இருப்பே குறைந்துபோனதை அவர்கள் பார்ப்பதில்லை. பல வண்ணப் படங்களுக்குப் பக்கங்களை ஒதுக்கும் இதழ்கள், இவற்றைச் சரிபார்க்க உதவும் ஒற்றை வரிக்கு இடமில்லை என்பதை என்னால் ஏற்க இயலவில்லை.

கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்தருளுங்கள். ஆரம், வெப்பநிலை, மூலப் படங்கள் ஆகிய மூன்றும் இல்லாத கட்டுரையை மதிப்பாய்வுக்கு அனுப்புவதில்லை என்ற விதியை உங்கள் ஆசிரியர் குழுவின் அடுத்த கூட்டத்திலேயே ஏற்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
நுண்ணோக்கி ஆய்வாளர் ஒருவர்